குஸ்திக்கென்று ஒரு தனித் தொலைக்காட்சி

குஸ்திப் போட்டிகள் நடத்தும் ஒரு கம்பெனி, தனக்கென்று சொந்தமாக ஒரு தொலைக்காட்சி வேண்டும் என்று ஆசைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என்னென்ன தேவை? பணம் தேவை என்பீர்கள். மல்லர்கள், காமிராக்கள், பார்ப்பதற்கு ஆட்கள், இவையும் தேவைதான். இவை எல்லாவற்றையும் குறைவில்லாமல் வைத்திருந்த ஓர் அமெரிக்கக் கம்பெனி, 2011-ஆம் ஆண்டில் அப்படியொரு சேனலைத் தொடங்கப்போவதாக அறிவித்தது. 2012-இல் வந்துவிடும் என்றது. 2012 வந்தது, போயிற்று. 2013-உம் போயிற்று. சேனலைக் காணோம். கடைசியாக 2014 பிப்ரவரி 24-ஆம் தேதி அது வந்தபோது, கேபிளிலும் வரவில்லை. செயற்கைக் கோள் வழியாகவும் வரவில்லை. இன்டர்நெட் வழியாக வந்தது.

அந்தக் கம்பெனியை உங்களுக்குத் தெரியும். டபிள்யூ.டபிள்யூ.இ. என்று சொன்னால் போதும், கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மல்லர்களின் உயரம், எடை, மார்பளவு ஆகியவற்றை அச்சடித்த சீட்டுகளைக் கடைசி பெஞ்சில் ஒளித்து வைத்து விளையாடிய தலைமுறை ஒன்று உண்டு. இதை எழுதுகிறவனும் அந்தத் தலைமுறைதான். அதற்கு முந்தியவர்களுக்குத் தாராசிங்கும் கிங்காங்கும். இந்தச் சண்டைகளின் முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்படுவது என்பது இன்று இரகசியமல்ல. விளையாட்டுப் போட்டிகளுக்கு உரிய அரசாங்கக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, 1989-இல் நியூஜெர்சி மாநிலச் செனட்டுக்கு முன்னால் கம்பெனியே அதை ஒப்புக்கொண்டது. ‘இது வெறும் கேளிக்கை’ என்பது அதன் வாதம்.

நாம் இங்கே பார்க்கப்போவது சண்டையை அல்ல. அந்தச் சண்டை அமெரிக்க அரங்கம் ஒன்றிலிருந்து அல்லிநகரத்து வீட்டுத் திரைக்கு வந்து சேரும் வழியை. அந்த வழியின் இயல்பு தெரிந்தால்தான், பணமும் கூட்டமும் உள்ள ஒரு கம்பெனிக்கு ஏன் கேபிளில் இடம் கிடைப்பது அவ்வளவு அரிதாயிற்று என்பது விளங்கும்.

வானத்தில் இடம் எவ்வளவு?

தொலைக்காட்சிப் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். சாதாரணப் படம் ஒன்றில் அகலத்தில் 720 புள்ளிகள், உயரத்தில் 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. வினாடிக்கு 25 படங்கள் வீதம் அனுப்பினால்தான் அசைவு அசைவாகத் தெரியும். ஆக, வினாடிக்கு 1,03,68,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் நிறத்தையும் குறிக்கச் சராசரியாக 16 பிட் வேண்டும். (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்.) பெருக்கிப் பாருங்கள். வினாடிக்கு ஏறத்தாழ 16 கோடியே 60 லட்சம் பிட்!

இதைச் சுமக்கும் வாகனத்தின் கொள்ளளவு என்ன? செயற்கைக் கோளில் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி இருக்கிறது. தரையிலிருந்து வரும் அலையை வாங்கி, அதிர்வெண்ணை மாற்றி, வலுவூட்டி, மறுபடி தரைக்கு அனுப்புவது அதன் வேலை. வழக்கமாக ஒரு டிரான்ஸ்பாண்டருக்கு 36 மெகாஹெர்ட்ஸ் அகலம் ஒதுக்கப்படும். நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த முறைப்படி, அந்த அகலத்தில் வினாடிக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் பிட்களையே பிழையின்றி ஏற்ற முடியும். புதிய முறைகளில் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். எப்படியானாலும், நாம் மேலே கணக்கிட்ட ஒரே ஒரு சேனல்கூட அதில் ஏறாது.

எனவே படத்தைச் சுருக்குகிறார்கள். செய்தி வாசிப்பவரின் படத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் கழிகிறது. அதற்குள் அவருடைய உதடுகள் அசைந்திருக்கும். பின்னாலுள்ள திரைச்சீலை அப்படியே இருக்கும். பிறகு முழுப் படத்தையும் திரும்ப அனுப்புவானேன்? மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். ஒரு பொருள் இடம் மட்டும் பெயர்ந்திருந்தால், ‘முன் படத்தில் இங்கிருந்த துண்டை இத்தனை புள்ளி வலப்பக்கம் நகர்த்திக்கொள்’ என்று ஒரு கட்டளை போதும். இப்படிச் செய்து 16 கோடியே 60 லட்சத்தை 30, 40 லட்சத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நாற்பதில் ஒரு பங்கு!

குஸ்தி ஒளிபரப்புக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. மல்லர்கள் புரள்வதையும் கயிற்றில் மோதித் திரும்புவதையும் நகர்த்தல் கட்டளைகளால் பெருமளவு சமாளித்துவிடலாம். ஆனால் மல்லர் அரங்கினுள் நுழையும்போது ஆயிரக்கணக்கான மக்கள் காமிராவில் ‘பளிச் பளிச்’ என்று மின்னவிடுகிறார்கள், வாணம் வெடிக்கிறது, காகிதத் துணுக்குகள் மழையாகப் பொழிகின்றன. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஒற்றுமையே இராது. சுருக்கும் கருவி திணறும். அந்த நேரத்தில் உங்கள் திரையில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரிந்தால், பெட்டி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். பிட் போதவில்லை, அவ்வளவுதான்.

சுருக்கிய பிறகு ஒரு டிரான்ஸ்பாண்டரில் சுமார் பத்துச் சேனல்கள் ஏறும். கேபிள்காரரின் கம்பியிலும் கதை இதுதான். நம் நாட்டில் அங்கே 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டுகளாக இடம் பிரிக்கப்பட்டிருக்கிறது. கம்பியில் வெளி இரைச்சல் குறைவு என்பதால் பிட்களை இன்னும் நெருக்கி அடுக்கலாம். ஆகவே ஒரு துண்டில் ஏறத்தாழ அதே பத்துச் சேனல்கள். துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. புதிதாக ஒருவர் வந்தால், அவருக்காக எவரையேனும் எழுப்பிவிட வேண்டும், அல்லது நெருக்கி உட்கார வைக்க வேண்டும்.

கேபிள் கம்பெனியின் இடத்திலிருந்து இதைப் பார்க்கலாம். குஸ்தியை விரும்பாத வீட்டுக்கும் அந்தச் சேனல் அதே கம்பியில் போகும். இடம் ஒன்று, கேட்பவர்கள் பலர். போதாக்குறைக்கு, புதிய சேனல் இலவசமாகவும் வருவதில்லை. சந்தாதாரர் தலைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கும். பேரம் ஏன் எளிதல்ல என்று இப்போது தெரிகிறதல்லவா?

இன்னொரு தடையும் உண்டு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்ட முடியும். தொடக்க நாளில் டபிள்யூ.டபிள்யூ.இ. 1,500 மணி நேரத்துக்கு மேற்பட்ட பழைய நிகழ்ச்சிகளை எடுத்து வைத்தது. அவற்றை ஒரு சேனலில் இரவு பகலாக ஓட்டினால் 62 நாட்கள் ஓடும். உங்களுக்கு வேண்டிய சண்டை நாற்பத்தொன்றாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு வரும்!

அல்லிநகரத்து மொட்டைமாடி

ஆனாலும் ஒளிபரப்பை இலேசாக எண்ணிவிடக் கூடாது. அதன் அருமையைக் காண மொட்டைமாடிக்குப் போவோம்.

செயற்கைக் கோள் வருவதற்கு முன் வழி ஒன்றுதான்: உயரமான இடத்தில் கோபுரம். கோடைக்கானலில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு நிலையம் அமைத்தது இதற்காகத்தான். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. ஓர் இடத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், அங்கிருந்து தெரியும் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 2,100 மீட்டர் உயர மலைக்கு விடை சுமார் 164 கி.மீ. காற்று மண்டலம் அலையைச் சற்றே வளைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே போகும். சமவெளியில் தூரத்தில் உள்ள ஊர் அந்த மலையைப் பார்க்கும். மலைக்கு நேர் அடியில், ஒரு முகட்டின் மறைவில் உள்ள ஊர் பார்க்காது. தேனிப் பக்கத்து மக்களுக்கு மலையின் நிழல் என்பது வெயிலில் மட்டுமல்ல.

செயற்கைக் கோளுக்கு அந்தத் தொல்லை இல்லை. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவைக்குப் பயன்படும் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,800 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. அல்லிநகரம் ஏறக்குறைய வட அட்சம் 10 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 77.5 பாகை. கோளத் திரிகோணவியல் தெரிந்தவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள். கோள் தென்கிழக்கிலிருந்து சற்றுக் கிழக்கே தள்ளி, அடிவானத்துக்கு மேலே 68 பாகை உயரத்தில் இருக்கும். ஏறக்குறைய உச்சி வானம் என்றே சொல்லலாம். எந்த மலையும் மறைக்காது. (உங்கள் டிஷ் அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதாகத் தோன்றாவிட்டால் சந்தேகப்பட வேண்டாம். வீட்டு டிஷ்கள் முழுக் கிண்ணத்தின் ஒரு பக்கத்துத் துண்டு. அவை பார்க்கும் திசை, தோன்றும் திசைக்கு மேலே இருக்கும்.)

அதன் எதிரி மழைதான். அந்த அலையின் நீளம் சுமார் இரண்டரை செண்டிமீட்டர். ஐப்பசி அடைமழையில் ஒவ்வொரு துளியும் சில மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு என்பதால் துளிகள் அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. படம் உறைந்துபோகும், மழை விட்டதும் வந்துவிடும்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். உங்கள் தெருவில் பத்து வீடுகளில் டிஷ் இருக்கிறது. நாளை நூறு வீடுகளில் வைக்கிறார்கள். கோளுக்கு எவ்வளவு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்? ஒரு வாட்கூட ஆகாது! அலை ஏற்கெனவே உங்கள் மாடியில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, டிஷ் இல்லாத மாடியிலும். ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் அனுப்புகிறவருக்குச் செலவு ஒன்றே. கோயில் வாசலில் கட்டிய ஒலிபெருக்கியைப் போல.

ஒருவருக்கு ஒரு குழாய்

இன்டர்நெட்டில் நிலைமை தலைகீழ். அங்கே நீங்கள் கேட்டால்தான் படம் வரும். உங்களுக்கு மட்டும் வரும். பக்கத்து வீட்டுக்காரரும் அதே சண்டையை அதே நிமிடத்தில் பார்த்தாலும், அவருக்கென்று இன்னொரு பிரதி புறப்பட்டு வர வேண்டும். ஒலிபெருக்கி அல்ல இது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே டெலிபோன் செய்து அதே பாட்டைப் பாடுவது.

இதில் ஆதாயம் உண்டு. இடத்துக்குப் பஞ்சமில்லை, எவரையும் எழுப்பிவிட வேண்டியதில்லை, 1,500 மணி நேரத்தில் எந்த நிமிடத்தை வேண்டுமானாலும் கேட்கலாம். நடுவில் கேபிள் கம்பெனி இல்லை. டபிள்யூ.டபிள்யூ.இ. மாதம் 9.99 டாலர் என்று விலை வைத்தது. அதற்கு முன் ஒரு பெரிய போட்டியைக் கேபிளில் பார்க்க மட்டுமே 45 டாலர், 60 டாலர் என்று கட்டி வந்தவர்களுக்கு இது நம்ப முடியாத மலிவு. குழாய் போடும் வேலை கம்பெனிக்குத் தெரியாது. அமெரிக்கப் பேஸ்பால் சங்கத்தின் தொழில்நுட்பப் பிரிவிடம் அதை ஒப்படைத்தது. தொடங்கிய நாளன்று சந்தா கட்ட வந்த கூட்டத்தைத் தாங்காமல் பதிவு முறையே திணறிப்போனது. நாற்பத்திரண்டே நாட்களில் சந்தாதாரர்கள் 6,67,287 பேர் என்று அறிவிப்பு வந்தது.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில், வினாடிக்கு 30 லட்சம் பிட் வீதம் பார்த்தால்? பெருக்கினால் வினாடிக்கு 2 லட்சம் கோடி பிட். செயற்கைக் கோளாக இருந்தால் அதே படத்தை அமெரிக்கா முழுவதற்கும் அதே 30 லட்சம் பிட்டில் முடித்திருக்கும்! இந்தச் சுமையை ஓரிடத்திலிருந்து அனுப்ப முடியாது. ஆகவே ஊர் ஊராகச் சேமிப்புக் கணிப்பொறிகளை வைத்து, படத்தின் பிரதியை அங்கே ஒருமுறை அனுப்பி, அங்கிருந்து வீடுகளுக்குப் பிரித்து விடுகிறார்கள். மேட்டிலுள்ள தொட்டிக்கு ஒரு குழாய். தொட்டியிலிருந்து தெருவுக்குத் தெரு கிளைக் குழாய்கள்.

அப்படியும் கூட்டம் மிகுந்தால் திணறல்தான். 2024 நவம்பரில் முதிய குத்துச்சண்டை வீரர் மைக் டைசனும் ஜேக் பாலும் மோதியதை நெட்ஃபிளிக்ஸ் நேரடியாகக் காட்டியது. உச்ச நேரத்தில் ஆறரைக் கோடி இணைப்புகள் என்று அந்நிறுவனமே கூறியது. பலருடைய திரையில் படம் சுற்றிக்கொண்டே நின்றது. ஒளிபரப்பில் இப்படி நடக்க வழியே இல்லை. அங்கே பார்ப்பவர் பெருகப் பெருகச் செலவு பங்கிடப்படும். இங்கே பெருகப் பெருகச் சுமை கூடும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கிரிக்கெட் நடக்கும் நாளில் ஒரு வீட்டில் டிஷ் வழியாகவும், பக்கத்தில் செல்போனிலும் ஒரே ஆட்டத்தை வையுங்கள். விக்கெட் விழும் சத்தம் இரண்டிலும் எத்தனை வினாடி இடைவெளியில் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோளுக்குப் போய் வர அலைக்குக் கால் வினாடி போதும். சுருக்கி விரிப்பதற்குச் சில வினாடிகள். செல்போனிலோ படம் சிறு சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. இணைப்பு தடுமாறினாலும் படம் நிற்காமலிருக்கச் சில துண்டுகளை முன்னதாகச் சேர்த்து வைத்துக்கொண்டே காட்டுவார்கள். அதனால்தான் பக்கத்து வீட்டுக் கைதட்டல் முந்திக்கொள்கிறது.

நம் ஊருக்கு வந்த கதை

2015-இல் அந்த குஸ்தி நெட்வொர்க் இந்தியாவுக்கும் வந்தது. அதே 9.99 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 650 ரூபாய். டென் ஸ்போர்ட்ஸ் சேனல் கேபிளில் குஸ்தியைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதற்கு முன் செல்போன் டேட்டா ஒரு ஜி.பி. 200 ரூபாய்க்கு மேல் விற்றது. வாரந்தோறும் வரும் ‘ரா’ நிகழ்ச்சி அப்போது மூன்று மணி நேரம் ஓடியது. வினாடிக்கு 30 லட்சம் பிட் வீதம் 10,800 வினாடிக்கு எத்தனை? எட்டால் வகுத்தால் 4.05 ஜி.பி. ஒரு சண்டை மாலைக்கு 800 ரூபாய்! இந்த விலையில் கம்பம் பள்ளத்தாக்கில் யார் பார்ப்பார்கள்? டேட்டா மலிந்த பிறகுதான் செல்போனில் சண்டை என்பது நடக்கக்கூடிய காரியமாயிற்று.

அதற்குள் கம்பெனிக்கும் மனம் மாறியது. குழாயைத் தானே பராமரிப்பதைவிட, பெரிய குழாய் வைத்திருப்பவரிடம் நிகழ்ச்சியை மொத்தமாக விற்றுவிடுவது இலாபம் என்று கண்டது. அமெரிக்காவில் 2021 மார்ச் முதல் பீக்காக் என்ற சேவைக்குள் அந்த நெட்வொர்க் போயிற்று. 2025 ஜனவரி 6 அன்று ‘ரா’ நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. பத்தாண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம். பெரும்பாலான நாடுகளில் குஸ்தி நெட்வொர்க் அதோடு மூடப்பட்டது. சொந்த வீடு கட்டியவர், பதினோரு ஆண்டுக்குள் மாளிகை ஒன்றில் குடியேறிவிட்டார்.

இந்தியாவில் 2025 மார்ச் வரை சோனியின் விளையாட்டுச் சேனல்களில் வந்துகொண்டிருந்த குஸ்தி, ஏப்ரல் முதல் நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டது. கேபிள் இணைப்பு மட்டும் உள்ள வீட்டில் அது நின்றுபோயிற்று. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தன் மிகக் குறைந்த சந்தாவை மாதம் 149 ரூபாயாகக் குறைத்தது. ஆனால் அது செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும் உரிய சந்தா. வீட்டிலுள்ள நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டுமானால் அதற்கு மேல் கட்ட வேண்டும். நாளைக்கு 1.5 ஜி.பி. தரும் செல்போன் திட்டத்தில் அந்த 4.05 ஜி.பி. அடங்காது. படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்க்கலாம்; அல்லது கம்பிவழி பிராட்பேண்ட் வேண்டும். தெருவில் ஒரே செல்போன் கோபுரத்தை நம்பிப் பல வீடுகள் பார்த்தால், கோபுரத்தின் கொள்ளளவை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வதால் படம் தானாகவே மங்கலாகும்.

ஒளிபரப்பின் சிக்கனத்தையும் செல்போனின் வசதியையும் சேர்க்க முடியாதா? முடியும் என்று காட்டும் முயற்சி நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. பிரசார் பாரதியும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் பெங்களூர் சாங்க்யா லேப்ஸும் சேர்ந்து, கோபுரத்திலிருந்து நேராகச் செல்போனுக்கு ஒளிபரப்பிச் சோதித்துள்ளன. இதற்கு டேட்டா வேண்டாம், சிம் கார்டு வேண்டாம். கோடிப் பேர் பார்த்தாலும் ஒரே அலை. சோதனைக்கு எடுத்துக்கொண்ட அதிர்வெண் 526 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரை. வினாடிக்கு 30 கோடி மீட்டர் என்ற ஒளியின் வேகத்தை 55 கோடியால் வகுத்தால் அலைநீளம் சுமார் 55 செண்டிமீட்டர். நல்ல ஏரியலுக்கு அதில் கால் பங்கு நீளம் வேண்டும். அதாவது 14 செண்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு செல்போனின் முழு நீளம். அதை எப்படி உள்ளே மடக்கி வைப்பது என்பது பொறியாளர்களின் பாடு. அதைவிடக் கடினமான வேலை, அந்த அலையை வாங்கும் சில்லு ஒன்றைத் தங்கள் போனில் வைக்கும்படி கம்பெனிகளைச் சம்மதிக்க வைப்பது. டேட்டா விற்கும் கம்பெனிகளுக்கு இதில் என்ன ஆர்வம் இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.